இருந்தபடி இருக்கட்டும்!

ஆட்சிபீடத்தில் அமர்வோருக்கு ‘இடைக்காலம்’ என்ற சொல்லிடம் தனிப்பாசம் உண்டு. பழைய முறை போகிறது, புதிய முறை வருகிறது, நடுவிலே சிறிது தொல்லை இருக்கத்தான் செய்யும், பொறுத்துக்கொள்க என்பர். பொறுக்க வேண்டியவர் யார்? எத்தனை நாள்? பொறுத்தபின் கையில் மிஞ்சுவது என்ன? இப்படிக் கேட்பவன் சீர்திருத்தத்தின் பகைவன் என்று தூற்றப்படுவான். பகைவர் கேட்பது ஒருபுறம் இருக்கட்டும். சீர்திருத்தமே மூச்சு என்று வாழும் நாம் இக்கேள்விகளைக் கேட்டே ஆகவேண்டும். ஒரு முறையைத் திருத்துகிறோம் என்று மேடையிலே முழங்குவது எளிது. திருத்திய மறுநாள் ஏழையின் வீட்டு அடுப்பு எரிகிறதா என்று எட்டிப் பார்ப்பதற்குத் தனித் துணிவு வேண்டும்.

எட்டிப் பார்க்க மறுத்த ஒரு துரைத்தனம், பிரிட்டனிலே, 1935-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 5-ஆம் நாள் பார்லிமெண்டிலே தலைகுனிந்து நின்றது. ஒரு திங்களுக்கு முன்னர்தான் நடைமுறைக்கு வந்த தன் புதிய உதவித்தொகை விதிகளை, “நிறுத்தி வைக்கிறோம், முன்பு வாங்கியது குறையாது, இருந்தபடி இருக்கட்டும்” என்ற பொருள்பட அமைச்சர் அறிவித்தார். அந்த ‘இருந்தபடி’ எவ்வாறு வந்தது என்பது ஒரு வரலாறு. பின்னர் 18 திங்களிலே, ஓசைப்படாமல், அது எவ்வாறு கரைக்கப்பட்டது என்பது மற்றொரு வரலாறு. முன்னதைப் பாடநூல்கள் சில கூறும். பின்னதைக் கூறுவோர் குறைவு. இளைஞர்கள் இரண்டையும் சேர்த்தே அறிய வேண்டும்.

தொடக்கம் 1911. லாயிட் ஜார்ஜ் நிதியமைச்சராக இருந்தபோது தேசிய இன்ஷ்யூரன்ஸ் சட்டம் வந்தது. தொழிலாளி வாரந்தோறும் இரண்டரைப் பென்ஸ் கட்டுவான். முதலாளியும் அதே அளவு கட்டுவான். அரசு தன் பங்கைச் சேர்க்கும். வேலை போனால் வாரத்துக்கு 7 ஷில்லிங், ஆண்டுக்கு 15 வாரம் வரை கிடைக்கும். (12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுன் என்பது அந்நாளைய கணக்கு, இனி வரும் தொகைகளை அதைக் கொண்டே அளந்துகொள்க.) கட்டிடம், கப்பல், எந்திரம் முதலான சில தொழில்களுக்கு மட்டுமே முதலில் இது இருந்தது. 1920-லே பெரும்பாலான தொழிலாளருக்கு விரிந்தது. கட்டியவன் கேட்கிறான், கட்டியதற்குக் கிடைக்கிறது. இதிலே இரப்பும் இல்லை, ஈகையும் இல்லை. அதுவே அத்திட்டத்தின் பெருமை.

ஆனால் அத்திட்டத்தின் அடியிலே ஒரு நம்பிக்கை இருந்தது. வேலையின்மை என்பது மழைக்காலம் போன்றது, வரும், போகும் என்ற நம்பிக்கை. முதல் உலகப் போருக்குப் பிறகு நிலக்கரியும், பருத்தியும், கப்பல் கட்டும் தொழிலும் சரிந்தன. வேல்ஸ் பள்ளத்தாக்குகளிலும் டர்ஹாமிலும் லங்காஷயரிலும் வேலையின்மை வந்தது, போகவில்லை. கட்டிய சந்தா தீர்ந்தது, வேலை திரும்பவில்லை. இவர்களை என்ன செய்வது? ஏழைச் சட்டத்தின் வாயிலுக்கு அனுப்ப எந்தக் கட்சிக்கும் துணிவில்லை. 1927-லே ஒரு சட்டம் செய்தனர். சந்தாக் கணக்கு நிறைவேறாதவர்க்குச் சிறிது காலத்துக்கு மட்டும் ‘இடைக்கால நன்மை’ என்றனர். நிலைமை சீராகும் வரை! நிலைமை சீராகவில்லை. ஆகவே அந்தச் சிறிது காலம் நீட்டிக்கப்பட்டது, மீண்டும் நீட்டிக்கப்பட்டது. ‘இடைக்காலம்’ என்று பெயர் சூட்டப்பட்ட ஒன்று பல லட்சம் குடும்பங்களுக்கு நிரந்தர வாழ்வாயிற்று.

1931 வந்தது. உலகப் பொருளாதாரம் நிலைகுலைந்தது. தொழிற்கட்சி ஆட்சியிலே ராம்சே மக்டொனால்டு பிரதமர். சர் ஜார்ஜ் மே தலைமையிலான கமிட்டி, செலவைக் குறை என்றது. குறைப்பின் பெரும்பங்கை எங்கே தேடுவது என்பதற்கு விடையாக வேலையற்றோரைச் சுட்டிக்காட்டி, உதவித்தொகையில் நூற்றுக்கு 20 வெட்டு என்றது. நூற்றுக்கு 10 என்பதற்கே அமைச்சரவை பிளந்தது. ஆகஸ்ட் 24-ஆம் நாள் ஆட்சி கவிழ்ந்தது. அதே மக்டொனால்டு, கன்சர்வேடிவ்களையும் லிபரல்களையும் சேர்த்துக்கொண்டு ‘தேசிய’ ஆட்சி அமைத்தார். வெட்டும் விழுந்தது. வளர்ந்த ஆணுக்கு 17 ஷில்லிங்காக இருந்தது 15 ஷில்லிங் 3 பென்ஸ் ஆயிற்று. சந்தா கட்டியவனுக்கும் 26 வாரம்தான் உரிமை. அதற்குமேல் வேண்டுமா? நவம்பரிலிருந்து அதற்குப் பெயர் ‘இடைக்காலத் தொகை’. ‘நன்மை’ என்ற சொல் போய்த் ‘தொகை’ என்ற சொல் வந்ததைக் கவனிக்க வேண்டும். நன்மை கேட்டுப் பெறுவது. தொகை, வீட்டைச் சோதித்த பிறகு கொடுக்கப்படுவது.

அந்தச் சோதனை இருக்கிறதே, அதைத்தான் பிரிட்டிஷ் தொழிலாளர் மூன்று தலைமுறை கடந்தும் மறக்கவில்லை. வசதிச் சோதனை என்று அதற்குப் பெயர். சோதிக்கப்பட்டவன் வேலையிழந்தவன் ஒருவன் மட்டுமல்லன். அவன் கூரையின்கீழ் உறங்கும் அனைவரும். மகன் கடையிலே வேலை பார்க்கிறானா? அவன் கூலியிலே ஒரு பகுதி தகப்பன் கணக்கிலிருந்து கழியும். மகள் ஈட்டுகிறாளா? கழியும். முதிய தாய்க்கு ஓய்வூதியம் வருகிறதா? கழியும். சேமிப்பு இருக்கிறதா? அதைக் கரைத்து உண்டபின் வருக! அலுவலர் வீட்டுக்குள் வருவார். எத்தனை அறை, எத்தனை நாற்காலி என்று பார்ப்பார். அண்டை வீட்டார் சன்னலருகே நின்று பார்ப்பர். இருபது ஆண்டு சுரங்கத்திலே நிலக்கரி வெட்டியவன், தன் பிள்ளையின் கையை எதிர்பார்த்து உண்பவனானான். பிள்ளையோ, தான் வீட்டிலிருந்தால் தகப்பனுக்குக் கிடைப்பது குறைகிறதே என்று வேறோர் இடத்திலே வாடகை அறை தேடிப் போனான். குடும்பமே சமுதாயத்தின் அடித்தளம் என்று ஞாயிறுதோறும் பிரசங்கம் கேட்ட சீமான்கள், திங்கட்கிழமையிலிருந்து சனிக்கிழமை வரை குடும்பத்தைப் பிரிக்கும் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தனர்.

இந்தச் சோதனையின் வேர் பழையது. அன்யூரின் பெவான் என்ற வேல்ஸ் சுரங்கத் தொழிலாளி, பின்னாளில் பிரிட்டனுக்கு இலவச மருத்துவத் திட்டத்தைத் தந்தவர், இருபதுகளிலே வேலையிழந்து நின்றபோது, உடன்பிறந்தாள் ஈட்டுகிறாள், அவளை அண்டி வாழ்க என்று உதவி நிறுத்தப்பட்டவர். பார்லிமெண்டிலே அவர் வசதிச் சோதனையைப் பற்றிப் பேசியபோது குரலிலே இருந்த நெருப்பு ஏட்டிலே படித்துப் பெற்றதன்று.

பெண்களைப் பற்றியும் ஒன்று கூறிச் செல்வோம். 1931-லே, தொழிற்கட்சி ஆட்சி கவிழ்வதற்குச் சற்று முன்னர், ‘முரண்பாடுகள்’ சட்டம் என்று ஒன்று நிறைவேறியது. அதன்படி, சந்தா ஒழுங்காகக் கட்டிய பெண்கள்கூட, மணமானவர்கள் என்பதால், மணத்துக்குப்பின் வேலை செய்ததையும் இனி வேலை கிடைக்கும் என்பதையும் தனியே மெய்ப்பிக்க வேண்டும். பல்லாயிரவர் தள்ளப்பட்டனர். பெண் மணந்தால் அவள் கட்டிய பணமும் கணவன் வீட்டுச் சீதனமாகிவிடும் போலும்! அதை நிறைவேற்றிய தொழில் அமைச்சர் மார்கரெட் பாண்ட்பீல்டு, பிரிட்டிஷ் அமைச்சரவையிலே இடம்பெற்ற முதல் பெண்மணி.

இடைக்காலத் தொகையை அளந்து கொடுக்கும் வேலை, மாவட்டந்தோறும் இருந்த பொது உதவிக் கமிட்டிகளிடம் விடப்பட்டது. இங்கேதான் துரைத்தனம் எதிர்பாராதது நடந்தது. தொழிற்கட்சியார் நிறைந்த கமிட்டிகள் பல, சோதனையைச் சோதனையாக நடத்தவில்லை. கேட்டவர்க்குக் கூடியவரை முழுத்தொகை கொடுத்தன. டர்ஹாமிலும் ராதர்ஹாமிலும் இந்தக் ‘குற்றம்’ மிகுந்துவிட்டது என்று 1932-லே அக்கமிட்டிகளின் அதிகாரத்தைப் பிடுங்கி, தொழில் அமைச்சர் தம் சொந்தக் கமிஷனர்களை நியமித்தார். மக்கள் தேர்ந்தவர் போயினர். மேலிடத்தார் அனுப்பியவர் வந்தனர். மற்ற இடங்களில் தாராளம் தொடர்ந்தது. விளைவு, ஓர் ஊரிலே ஒரு கணக்கு, ஆற்றைக் கடந்தால் வேறொரு கணக்கு. இந்தக் குழப்பத்தைத் திருத்த வேண்டும் என்று துரைத்தனம் சொன்னது. திருத்தத்தான் வேண்டும், அதிலே நமக்கும் மாறுபாடில்லை. எந்தப் பக்கமாகத் திருத்துவது என்பதிலேதான் வழக்கு.

1834-லே ஏழைச் சட்டத்தைக் கடுமையாக்கி, உதவி பெறுபவனின் நிலை, மிகத் தாழ்ந்த கூலிக்காரனின் நிலையைவிடத் தாழ்ந்தே இருக்க வேண்டும் என்று விதித்தனர். சரியாக நூறாண்டு கழித்து, 1934-லே, வேலையில்லாதோர் சட்டம் வந்தது. நாடு முழுவதற்கும் ஒரே அளவுகோல். அதை வகுக்க ‘வேலையில்லாதோர் உதவி போர்டு’ என்று ஒரு நிறுவனம். தொழில் அமைச்சராயிருந்த சர் ஹென்றி பெட்டர்ட்டன் பதவி துறந்து அதன் தலைவரானார். வயலட் மார்க்கம் என்ற பெண்மணியும், வேல்ஸ் மண்ணிலே பிறந்த டாமஸ் ஜோன்சும் உறுப்பினர்களுள் இருந்தனர். போர்டினரின் சம்பளம் பார்லிமெண்டு ஆண்டுதோறும் விவாதிக்கும் பட்டியலில் வராது. போர்டு வகுத்து அமைச்சர் முன்வைக்கும் விதிகளைப் பார்லிமெண்டு ஏற்கலாம், தள்ளலாம், திருத்த முடியாது. ஏன் இந்த ஏற்பாடு? நிதியமைச்சர் நெவில் சேம்பர்லேனின் நோக்கம் வெளிப்படையானது: வேலையற்றோர் உதவியை ‘அரசியலிலிருந்து’ எடுத்துவிடுவது. வாக்குக் கேட்டு வருபவன், ஒரு ஷில்லிங் கூடத் தருகிறேன் என்று சொல்ல இடமில்லாமற் செய்வது. பசித்தவனிடம் வாக்கு ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அந்த வாக்கும் அவன் தட்டைத் தொடக்கூடாது என்பது திட்டம்.

1935 ஜனவரி 7-ஆம் நாள் புதிய போர்டு பொறுப்பேற்றது. இடைக்காலத் தொகை பெற்றுவந்த 7 லட்சத்துக்கு மேற்பட்டோர் அதன் கணக்குக்கு மாற்றப்பட்டனர். புதிய விதிகளால் மொத்தச் செலவு குறையாது, கூடத்தான் செய்யும் என்று துரைத்தனம் உறுதி கூறியிருந்தது. பொய்யென்று சொல்ல வேண்டியதில்லை. கணக்கை அப்படித்தான் போட்டிருந்தனர். கமிட்டி கடுமையாயிருந்த மாவட்டங்களிலே பலருக்குத் தொகை உயரவும் செய்தது. ஆனால் மொத்தத்துக்கும் சராசரிக்கும் வயிறு கிடையாது. ஜனவரி நடுக்குளிரிலே, தாராளக் கமிட்டிகள் இருந்த வேல்ஸ், டர்ஹாம், யார்க்ஷயர் பகுதிகளிலே, ஒரு வாரம் தொகை வாங்கச் சென்றவர்கள் கையிலே சில ஷில்லிங் குறைந்து விழுந்தது. சிலருக்கு மிகப் பெரிய பகுதியே குறைந்தது. முன்னறிவிப்பு இல்லை. படிப்படியாக இல்லை. ஒரே வாரத்திலே!

எப்படிக் குறைந்தது என்று பார்த்தால், கடுமை எந்தத் தனி மனிதரின் கல்நெஞ்சிலும் இல்லை, விதியின் அமைப்பிலேயே இருந்தது என்பது விளங்கும். கணவனும் மனைவியும் சேர்ந்தால் 24 ஷில்லிங் என்று அளவு வைத்தனர். இன்ஷ்யூரன்ஸ் உரிமையுள்ள தம்பதிக்கோ 26. அந்த அளவிலே ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு வாடகைக்கு என்று வைத்துக்கொண்டு, உண்மை வாடகை அதற்குக் குறைந்தால் வேறுபாட்டைக் கழித்தனர். பழைய, ஈரம் கசியும், மலிந்த வீடுகளிலே வாழ்ந்த சுரங்கத் தொழிலாளருக்கு இதுவே இடியாயிற்று: வீடு மோசமானதால் வாடகை குறைவு; வாடகை குறைவானதால் உதவியும் குறைவு! மகன் மகள் கூலியை முன்பு கண்டும் காணாமலும் விட்ட கமிட்டி போய், அதை முழுக் கண்ணோடு பார்க்கும் விதி வந்தது. பிள்ளைகள் மிகுந்த வீடுகளிலே, உதவித்தொகை அவன் வழக்கமாக ஈட்டிய கூலியை மிஞ்சக்கூடாது என்று ஒரு தடை. இப்படி மூன்று நான்கு கத்திகள், ஒவ்வொன்றும் சிறியது, ஒரே ரொட்டியின்மேல் விழுந்தன.

பிறகு நடந்தது போர்டு கனவிலும் கருதாதது. தெற்கு வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் கூட்டணி அழைத்தது; கம்யூனிஸ்டுகள் வந்தனர்; தொழிற்கட்சியினர் வந்தனர்; சிறு கடைக்காரர் வந்தனர் — வேலையற்றவன் கையிலே ஷில்லிங் குறைந்தால் கடைக்காரன் பெட்டியிலும் குறையும் அல்லவா? மாதா கோவில் மேடைகளிலே வழக்கமாக மறுமையைப் பற்றிப் பேசுவோர்கூட இம்மையைப் பற்றிப் பேச இறங்கி வந்தனர். பிப்ரவரி 3, ஞாயிறு: அந்தப் பள்ளத்தாக்குகளிலே ஏறத்தாழ 3 லட்சம் மக்கள் தெருவிலே நடந்தனர் என்று வரலாற்றாசிரியர் கணக்கிடுவர். மறுநாள் மெர்தர் டிட்வில் நகரிலே பெண்கள் முன்னணியிலே ஊர்வலம் சென்று போர்டின் அலுவலகத்தைத் தாக்கினர்; சாளரங்கள் நொறுங்கின. இன்ஷ்யூர் செய்த தொழிலாளரில் பாதிக்கு மேல் வேலையற்றிருந்த நகரம் அது. அடுப்பங்கரையிலே அளந்து அளந்து சமைத்த கைகளுக்குத்தான் எத்தனை ஷில்லிங் குறைந்தது என்பது எந்த அலுவலரையும்விடத் துல்லியமாகத் தெரியும்.

பிப்ரவரி 5: தொழில் அமைச்சர் ஆலிவர் ஸ்டான்லி பணிந்தார். 6-ஆம் நாள் ஷெபீல்டிலே ஆயிரக்கணக்கானோர் நகரத் தெருக்களிலே திரண்டு, பிறகு தருவதாகச் சொல்லாதே, வெட்டியதை இப்போதே கொடு என்றனர். காவலருடன் மோதல் நடந்தது. அம்மாத நடுவிலேயே சட்டம் நிறைவேறியது. புதிய விதியின்படி கணக்கிடு. பழைய இடைக்காலத் தொகையின்படியும் கணக்கிடு. இரண்டிலே எது அதிகமோ அதைக் கொடு. அரசியலிலிருந்து எடுத்துவிட்டோம் என்று களித்திருந்தது, நான்கே வாரத்தில் அரசியலின் நடுக்கூடத்துக்கு வந்துவிட்டது. திருத்த முடியாதபடி வகுக்கப்பட்ட விதிகளைத் தெரு திருத்திற்று.

இங்கேயே கதையை முடித்து வெற்றி முழக்கம் செய்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ‘இருந்தபடி’ என்பது முடிவன்று. அதுவும் ஓர் இடைக்காலமே.

துரைத்தனத்தின் வாதத்தையும் நேர்மையாக எடுத்துக் காட்டுவோம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் இரண்டு கணக்கு. கலைந்துபோன கமிட்டி இருந்திருந்தால் என்ன கொடுத்திருக்கும் என்று அலுவலர் ஊகிக்க வேண்டிய நிலை. அடுத்தடுத்த இரு மாவட்டங்களிலே, ஒரே அளவு குடும்பம், ஒரே அளவு வறுமை, இரு வேறு தொகை. இது நியாயமா என்று கேட்டனர். நியாயமன்று. எளிதிலே தள்ளக்கூடிய வாதமும் அன்று. ஆனால் சமமாக்குதலுக்கு இரண்டு வழி உண்டு. குறைவாகப் பெறுபவனை உயர்த்துவது ஒன்று, அதிகம் பெறுபவனை இறக்குவது மற்றொன்று. உயர்த்துவதைப் பாதியும் இறக்குவதை மீதியும் செய்து, இரண்டுக்கும் ‘ஒழுங்குபடுத்தல்’ என்று ஒரே பெயரிட்டனர்.

உடனே செய்தார்களா? இல்லை. 1935 நவம்பரிலே பொதுத்தேர்தல் இருந்தது. தேர்தல் முடிந்தது, ஆட்சி பெரும்பான்மையோடு திரும்பியது, அதன்பின் 1936 ஜூலையிலே புதிய விதிகள் வெளிவந்தன. அப்போது தொழில் அமைச்சர் எர்னஸ்ட் பிரவுன். நவம்பர் 16-ஆம் நாள் அவை நடைமுறைக்கு வந்தன. அதற்கு இரண்டு வாரம் முன்னர்தான் ஜாரோ என்ற கப்பல் கட்டும் ஊரிலிருந்து ஏறத்தாழ 200 பேர் லண்டனுக்கு நடந்துவந்து, வேலை கொடு என்று பார்லிமெண்டுக்கு விண்ணப்பம் கொணர்ந்திருந்தனர். திரும்பிச் சென்றபோது அவர்கள் கண்டது, நடந்த நாட்களிலே அவர்கள் வேலைக்கு ஆயத்தமாக இல்லை என்ற காரணத்தால் உதவித்தொகை வெட்டப்பட்டிருந்ததை! விதிகள் வந்த இரண்டாம் நாள், நவம்பர் 18-லே, அரசர் எட்டாம் எட்வர்டு தெற்கு வேல்ஸுக்கு எழுந்தருளினார். மூடிக் கிடந்த உருக்காலையைப் பார்த்து, இவர்களுக்கு ஏதேனும் செய்தாக வேண்டும் என்று மனம் இளகிக் கூறினார். ஏடுகள் மெய்சிலிர்த்தன. அடுத்த திங்களே அவர் முடி துறந்து போனார். முடி துறந்தவருக்கு வாழ்நாள் முழுவதும் வசதியான வருவாய்க்கு வழி செய்தார்கள் என்பதையும் சேர்த்தே குறித்துக்கொள்ளலாம்.

இனி அந்த 18 திங்கள். முதல் தடவை கற்ற பாடத்தைத் துரைத்தனம் நன்றாகவே கற்றிருந்தது. உயர்வு கிடைக்க வேண்டியவர்க்கு உடனே கொடு; குறைய வேண்டியவர்க்கு மெல்லக் குறை. ஒரே நாளிலே எல்லாருக்கும் குறைக்காதே. ஊரின் நிலையறிந்த ஆலோசனைக் கமிட்டிகளை அமை; அவற்றின் சொல்லைக் கேட்டு, இங்கே இப்போது, அங்கே அப்புறம் என்று ஒன்றரை ஆண்டிலே பரப்பு. விதிகளும் முன்னைவிட மென்மையானவை என்பதை மறுக்க மாட்டோம். ஈட்டும் பிள்ளைகளுக்கென்று விடப்பட்ட பங்கு கூடியது. வாடகைக் கணக்கு ஊருக்கேற்ப வளைந்தது. போர்டின் அலுவலர் பலர், வீடுகளை நேரிலே பார்த்துப் பார்த்து, விதிக்கு மேலே சிறிது கொடுக்கவும் பழகியிருந்தனர். தெருவிலே நடந்தவர்கள் வென்றெடுத்தவை இவை. நடக்காதிருந்தால் இவையும் இரா.

ஆயினும் மென்மையான விதியின் தயவு மட்டுமே அந்த அமைதிக்குக் காரணம் என்று நாம் நம்பவில்லை. ஒரே வாரத்திலே பள்ளத்தாக்கு முழுவதும் தொகை குறைந்தால், பள்ளத்தாக்கு முழுவதும் தெருவுக்கு வரும். இந்த வாரம் ஒரு வீட்டிலே 1 ஷில்லிங், அடுத்த திங்கள் மூன்றாம் தெருவிலே வேறொரு வீட்டிலே 2 ஷில்லிங் என்றால், குறைந்தவன் தனியே நின்று அலுவலரிடம் வாதாடுவான். குறையாத அண்டைவீட்டான், தன் முறை வரக்கூடாதே என்று வாய்மூடியிருப்பான். 1935-லே ஒரே நாளில் செய்ய முடியாததை 1938-க்குள் நாட்களைக் கூறுபோட்டுச் செய்து முடித்தனர். மற்றொரு துணையும் வாய்த்தது. ஹிட்லரைக் கண்டு பிரிட்டன் படைக்கலம் செய்யத் தொடங்கியதால் ஆலைகள் திறந்தன. 1933 தொடக்கத்திலே 30 லட்சத்தை நெருங்கியிருந்த வேலையற்றோர் தொகை 1937-லே ஏறத்தாழ பாதியாயிற்று. உரத்துக் கூவக்கூடிய இளைஞர்கள் ஆலைக்குள் சென்றனர். மலைச்சாரலிலே மிஞ்சியவர், ஐம்பது வயது கடந்த, நுரையீரலிலே கரித்தூள் படிந்த, எந்த ஆலையும் அழைக்காத மனிதர்கள்.

இந்த வித்தையைப் பின்வந்த துரைத்தனங்கள் இன்னும் செம்மைப்படுத்தின. 1988-லே பிரிட்டனிலே உதவித் திட்டங்களை மாற்றியமைத்தபோது, இழப்போருக்கு ‘இடைக்காலப் பாதுகாப்பு’ என்றனர். பழைய தொகை குறையாது, ஆனால் விலைவாசி ஏறினாலும் அது ஏறாது. ஆண்டுக்காண்டு சந்தை விலை அதைத் தின்று தீர்த்தது. எந்த அமைச்சரும் கத்தியைத் தொடவில்லை. 2012-லே சட்டமாகி, ஆறு உதவிகளை ஒன்றாக்கிய ‘யுனிவர்சல் கிரெடிட்’ திட்டத்திலும் அதுவே. துரைத்தனமே அழைத்து மாற்றப்படுவோருக்குப் பழைய நிலையை ஈடுகட்ட ஒரு தொகை. மற்ற இனங்கள் உயர உயர அது பெரும்பாலும் அந்த அளவுக்குத் தேயும். ஒருவரை மணந்து சேர்ந்து வாழத் தொடங்கினாலோ, பிரிந்தாலோ, அது அறவே போகும். பணத்தைக் குறைத்தோம் என்று எவரும் சொல்ல வேண்டியதில்லை. 1935 மெர்தர் பெண்கள் கல்லெறிந்த சாளரம் போல ஒன்று, இந்த ஏற்பாட்டிலே எங்கே இருக்கிறது என்று தேடினால் அகப்படாது.

வீட்டாரனைவரின் வருவாயையும் சோதிக்கும் முறை எப்போது ஒழிந்தது? போர் மூண்டு, எல்லாருடைய உழைப்பும் தேவைப்பட்டபோது. 1940-லே தொழில் அமைச்சராக வந்த எர்னஸ்ட் பெவின் என்ற தொழிற்சங்கத் தலைவர் அதை ஒழிக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். 1941-லே சட்டம் வந்தது. மகன் படையிலே நிற்கும்போது, தகப்பனிடம் மகன் கூலியைக் கேட்கத் துரைத்தனத்துக்கே நாணமாயிற்று போலும். பழைய ஏழைச் சட்டம் 1948-லே முற்றும் மறைந்தது.

இந்த வரலாற்றோடு சேர்த்து நம்மவர் படிக்க வேண்டிய மற்றொரு சட்டம் உண்டு. இடைக்காலத் தொகையின் கடைசித் துளிகள் கரைந்த அதே 1938-லே, அதே பார்லிமெண்டிலே நிறைவேறியது அது: நிலக்கரிச் சட்டம். பிரிட்டனிலே நிலத்துக்கு அடியிலே கிடந்த கரி, மேலே நிலம் வைத்திருந்த சீமானுக்கு உரியது. அவன் வெட்டுவதில்லை, இறங்குவதில்லை, பார்ப்பதும் இல்லை. வெட்டப்படும் ஒவ்வொரு டன்னுக்கும் இத்தனை பென்ஸ் என்று பங்கு மட்டும் பெறுவான். பிரபுக்கள் பலர் இப்படி வாழ்ந்தனர். இங்கிலாந்துத் திருச்சபையின் சொத்தைக் காத்த கமிஷனர்களும் இந்த உரிமையாளர்களுள் மிகப் பெரியவர்களாக விளங்கினர். டர்ஹாமிலே வேலையிழந்தவன் வீட்டிலே நாற்காலி எண்ணப்பட்ட காலத்திலேயே, டர்ஹாமின் கரியிலிருந்து திருச்சபையின் பெட்டிக்குப் பென்ஸ் வந்துகொண்டிருந்தது. இந்த உரிமையை அரசே எடுத்துக்கொள்ளும் என்றது சட்டம். நல்ல சீர்திருத்தம், நாமும் வரவேற்கத்தக்கது. இதற்கும் ஓர் இடைக்காலம் தேவைப்பட்டது. இழப்போருக்கு ஈடும் தேவைப்பட்டது. அவர்களுடைய வருவாய் ஆண்டுக்கு 44 லட்சத்து 30 ஆயிரம் பவுன் என்று மதிப்பிட்டு, 15 ஆண்டு வருவாயை மொத்தமாகத் தருவது என்று தீர்த்தனர். 6 கோடியே 64 லட்சத்து 50 ஆயிரம் பவுன். 1942 ஜூலை 1-ஆம் நாள் கரி அரசின் உடைமையாயிற்று. அந்த உரிமையாளர்களுள் எவர் மாளிகைக்கும் அலுவலர் எவரும் சென்று, மகன் என்ன ஈட்டுகிறான், மகள் என்ன ஈட்டுகிறாள், வாடகை எவ்வளவு, சேமிப்பு எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்டு போகவில்லை.